கூர் வேறு, சவரக்கூர் வேறு

புதிதாக வாங்கிய மடக்குச் சவரக்கத்தி தாளைச் சத்தமில்லாமல் அறுக்கும். முன்கை முடியை வழித்துத் தள்ளும். அதையே நுரை பூசிய கன்னத்தில் வைத்தால் முடியைப் பற்றி இழுக்கும். இரண்டாவது இழுப்பிலேயே கண்ணில் நீர் கட்டிவிடும். விற்றவர் பொய் சொல்லவில்லை. கத்தி கூராகத்தான் இருக்கிறது, சவரத்துக்கு வேண்டிய கூர்தான் அதில் இன்னும் ஏறவில்லை. ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, பிரான்சின் தியேர் என்று பெயர்பெற்ற ஊர்களின் கத்திகள்கூடப் பலவேளை இந்த நிலையில்தான் கைக்கு வருகின்றன. யாராவது ஒருவர் கல்லிலும் தோல்வாரிலும் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தால்தான் அவை முகத்துக்கு ஆகும்.

அப்படி முடிந்தது என்பதை எப்படி அறிவது? கேள்வி பழையது. 1769இல் பாரிஸின் கத்திக்கொல்லர் ழான் ழாக் பெரே, தனக்குத் தானே சவரம் செய்துகொள்வது எப்படி என்று ஒரு நூலே எழுதினார். அதில் தீட்டுக்கற்களை அடையாளம் காண்பதற்கும் தோலைப் பதப்படுத்துவதற்கும் இடம் ஒதுக்கினார். கத்தியை ஆளத் தெரிந்தவனுக்கு அதைச் சோதிக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அக்காலத்தில் சொல்லாமலே விளங்கிய செய்தி. இன்று புழக்கத்தில் உள்ள சோதனைகள் பல. கண்ணால் பார்ப்பவர் உண்டு. பெருவிரலால் தொடுபவர், நகத்தில் இழுப்பவர், கை முடியை வழிப்பவர், தொங்கும் ஒற்றை முடியை அறுப்பவர், கருவியில் வைத்து அளப்பவர் உண்டு. இதெல்லாம் வீண், நேரே முகத்தில் வை என்பவரும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் விடாமல் வாதாடும் கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். வழக்கு தீராததற்கு ஒரே காரணம்தான்: இந்தச் சோதனைகள் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை.

முதலில் கத்தியின் வாய் எப்படி அமைந்தது என்று பார்த்துவிடுவோம். சமையலறைக் கத்தியைத் தீட்டும்போது கோணத்தைக் கைதான் பிடிக்க வேண்டும். சவரக்கத்தியில் அந்தப் பொறுப்பு கைக்கு இல்லை. கத்தியைக் கல்லில் படுக்க வைத்தால் தடித்த முதுகும் மெல்லிய வாயும் ஒருசேரக் கல்லைத் தொடும். முதுகின் தடிப்பும் அலகின் அகலமும் சேர்ந்து கோணத்தை நிர்ணயித்துவிடுகின்றன. முதுகு 5 மில்லிமீட்டர், அகலம் 18 மில்லிமீட்டர் என்றால் இரு பக்கச் சரிவும் சேர்ந்து ஏறத்தாழ 16 பாகை வரும். இது செய்தவன் தீர்மானித்த கோணம். தீட்டுபவன் கெடுக்கலாமே தவிரத் திருத்த அதிகம் இல்லை. ஆகவே கேட்க வேண்டியது கோணத்தைப் பற்றி அல்ல. இரண்டு சரிவுகளும் நுனியிலிருந்து அடிவரை இடைவெளியில்லாமல் ஒரே கோட்டில் சந்திக்கின்றனவா, அந்தக் கோடு எவ்வளவு மெல்லியது என்பவைதான் கேள்விகள். தொழிற்சாலை பிளேடு ஒன்றின் வாய் அரை மைக்ரானுக்கும் குறைவான தடிப்புடையது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தாடி முடியோ 100 மைக்ரானையும் தாண்டுவது.

இந்த வாய்க்கு முகத்தில் இரண்டு வேலை. ஒன்று, முடியை அறுப்பது. முடி ஒரு முனையில் மட்டும், அதுவும் மெத்தென்ற தோலில் ஊன்றியிருக்கிறது. அதை வளைக்கவும் இழுக்கவும் ஆகும் விசையைவிடக் குறைந்த விசையில் வாய் உள்ளே நுழைந்தாக வேண்டும். இல்லையென்றால் முடி அறுபடுவதற்கு முன்பே வேர் இழுபடும். நீரில் நன்றாக ஊறிய முடியில் புரத இழைகளுக்கு இடையிலான பிணைப்புகள் தளர்வதால் இந்த விசை கணிசமாகக் குறைகிறது. முகத்தை வெந்நீரில் சில நிமிடம் ஊறவைப்பது சுகத்துக்காக மட்டும் அல்ல. இரண்டாவது வேலை, தோலின் மேல் கீறாமல் வழுக்கிச் செல்வது. தோலின் வெளிப்படலம் முகத்தில் 10 முதல் 20 மைக்ரான் வரைதான் இருக்கும். வாயில் நிமிர்ந்து நிற்கும் ஒரு சிறு பல்லே அதை உழுதுவிடும். மேற்சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவை முதல் வேலையை மட்டுமே சோதிக்கின்றன. இரண்டாவதைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை. குழப்பத்தின் பாதி இங்கேதான் இருக்கிறது.

கண்ணில் தொடங்கலாம். விளக்கின் கீழ் கத்தியின் வாயை நேருக்கு நேர் பார்த்தால், நன்கு சந்தித்த வாய் கண்ணுக்கே தெரியாது. மழுங்கிய இடம் மட்டும் வெள்ளிப் புள்ளியாகவோ கீற்றாகவோ மின்னும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். நல்ல வாயின் தடிப்பு அதைவிடக் குறைவு. எனவே சாதாரண நுண்ணோக்கி எவ்வளவு பெரிதாக்கிக் காட்டினாலும் வாயின் மென்மையை நேரடியாகக் காட்டாது. அது காட்டுவதெல்லாம் சரிவில் கல் விட்ட கீறல்கள், வாயில் விழுந்த பொத்தல்கள், முந்தைய கல்லின் கரடான தடம் முழுக்க மறைந்ததா என்பவை. ஒளி மின்னினால் கத்தி தயாரில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். மின்னவில்லை என்பதற்காகத் தயார் என்று சொல்லிவிட முடியாது. குற்றத்தைக் காட்டும் சாட்சி இது, நிரபராதி என்று சொல்லும் சாட்சி அல்ல. அந்த அளவில் இதற்கு ஈடு இல்லை என்பது என் கருத்து. பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று கையில் இருந்தால் தீட்டுபவரின் சந்தேகங்களில் பாதி தீர்ந்துவிடும். சரிவின் மேல் மார்க்கர் பேனாவால் கோடு தீட்டி, கல்லில் ஒருமுறை இழுத்து, மை எங்கே அழிந்தது எங்கே மிஞ்சியது என்று பார்ப்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே.

பெருவிரல் சோதனை வேறு ரகம். விரல் சதையை வாயின் குறுக்கே, நீளவாட்டில் அல்ல, பட்டும் படாமலும் வைத்துப் பார்ப்பது. மழுங்கிய வாயில் விரல் வழுக்கும். நல்ல வாய் விரல் ரேகைகளைப் பற்றிக்கொள்ளும்; இன்னும் அரை அங்குலம் நகர்ந்தால் ரத்தம் வரும் என்று உள்ளுக்குள் ஒரு எச்சரிக்கை எழும். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க முடியாது. சுவீடன் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், சுருக்கங்கள் கொண்ட பரப்பை விரலால் தடவியவர்கள் 13 நானோமீட்டர் உயரமே உள்ள சுருக்கத்தையும் வழவழப்பான பரப்பிலிருந்து பிரித்தறிந்தார்கள். கத்திவாயும் சுருக்கப் பரப்பும் ஒன்றல்லதான். ஆனாலும் நகரும் விரலின் நுண்ணுணர்வு எவ்வளவு என்பதற்கு அது சான்று. இந்தச் சோதனையின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. பல கத்திகளைத் தொட்டு, ஒவ்வொன்றையும் முகத்தில் வைத்துப் பார்த்தவரின் விரலுக்கே இந்தப் பாஷை புரியும். நூலில் படித்துவிட்டு முதன்முறை தொடுபவருக்கு எல்லாக் கத்தியும் கூராகவே தோன்றும், விரலும் அறுபடும். நாவிதரின் மகன் தந்தையின் அருகில் இருந்து கற்ற விஷயம் இது. வாக்கியங்களில் ஏற்றிக் கைமாற்ற முடிவதில்லை.

நகச் சோதனைக்குப் பெரிய வம்சம் உண்டு. 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்க நாவிதர் பள்ளிகளின் பாடப்புத்தகங்கள் இதை முறையாகவே சொல்லிக்கொடுத்தன. பெருவிரல் நகத்தை ஈரப்படுத்தி, அதன் மேல் கத்தியின் வாயை எடை போடாமல் இழுக்க வேண்டும். சீராகப் பிடித்துக்கொண்டு போனால் நல்ல கூர், வழுக்கினால் மொண்ணை, நெருநெருவென்று பல் கடித்தால் கரடு அல்லது அளவுக்கு மீறிய தீட்டல். சொல்லும் செய்தி சரிதான். ஆனால் முடித்த வாயை நகத்தின் மேல் இழுப்பது அந்த வாய்க்கே கேடு. ஒரு நாளில் பலமுறை கல்லில் தேய்க்கும் நாவிதருக்கு அது பொருட்டல்ல, சோதித்துவிட்டு அடுத்த நிமிடமே மீண்டும் தீட்டிக்கொள்வார். வீட்டில் ஒரே கத்தி வைத்திருப்பவர் இதைக் கடைசிச் சோதனையாகச் செய்வது, முடித்த வேலையைக் கலைப்பதாகும். தீட்டலின் முதல் கட்டத்தில் பொத்தல் தேடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

முன்கை முடியை வழிப்பதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. 1000 எண் கல்லில் ஒழுங்காகத் தீட்டிய வெட்டுக்கத்திகூட அதைச் செய்யும். தோலை ஒட்டி வழிப்பதற்குப் பதிலாக, தோலுக்குச் சில மில்லிமீட்டர் மேலே கத்தியைக் காற்றில் ஓட்டி, நிற்கும் முடியின் தலை மட்டும் அறுபடுகிறதா என்று பார்ப்பது இதன் கடினமான வடிவம். இதில் முடிக்குத் தோலின் ஆதரவு இல்லை என்பதால் கொஞ்சம் பொருள் உண்டு. வாயின் முழு நீளத்தையும் பகுதி பகுதியாகச் சோதிக்கலாம் என்பது கூடுதல் வசதி. நுனி அறுக்கிறது, அடி அறுக்கவில்லை என்றால் கல் எங்கே தொடவில்லை என்று தெரிந்துவிடும்.

அதிக மதிப்பும் அதிகச் சண்டையும் பெற்றது தொங்குமுடிச் சோதனை. தலையிலிருந்து உதிர்ந்த ஒரு முடியை விரல்களிடையே பிடித்து, அதன் மறுமுனையைத் தொங்கவிட்டு, கத்தியின் வாயில் மெல்ல இறக்குவார்கள். முடி தொட்டவுடன் ஓசையில்லாமல் இரண்டாக விழுந்தால் கத்தி உச்சத்தில் இருக்கிறது. இசைத்தந்தி போல ஒரு சிணுங்கலோடு அறுந்தால் ஓரளவு. முடி பிளந்து சுருண்டால் இன்னும் வேலை இருக்கிறது. துள்ளி நழுவினால் கல்லுக்குத் திரும்ப வேண்டியதுதான். சவரத்துக்கு மிக நெருங்கிய கேள்வியை இது கேட்கிறது: ஆதரவில்லாத முடிக்குள், எடை ஏதும் இல்லாமல், வாய் நுழைகிறதா?

ஆனால் இங்கே அளவுகோலே ஆளுக்கு ஆள் மாறுகிறது. தலைமுடியின் தடிப்பு 50 மைக்ரானிலிருந்து 100 மைக்ரானுக்கு மேலும் போகும். பொதுவாக, தடித்த கறுப்பு முடி எளிதில் அறுபடும், பூனை மயிர் போன்ற மெல்லிய முடி வளைந்து தப்பும். எண்ணெய் தேய்த்த முடி ஒரு மாதிரி, ஷாம்பு போட்டுக் காய்ந்த முடி வேறு மாதிரி. முடியின் மேலுறையில் ஓட்டுக்கூரை போல அடுக்கிய செதில்கள் வேரிலிருந்து நுனிநோக்கிப் படிந்திருப்பதால், வேர்ப்பக்கத்தைப் பிடிப்பதா நுனிப்பக்கத்தைப் பிடிப்பதா என்பதும் முடிவை மாற்றிவிடுகிறது. பிடித்த விரலிலிருந்து எவ்வளவு தள்ளி அறுக்கிறோம் என்பதும் அப்படியே. ஆகவே இன்னொருவரின் முடியில் இன்னொருவர் பெற்ற வெற்றிக்கு உங்கள் வீட்டில் மதிப்பில்லை. ஒரே தலையின் முடி, ஒரே நிலை, ஒரே பிடி, ஒரே தூரம் என்று வழக்கப்படுத்திக்கொண்டு, சவரத்துக்கு நன்றாக இருந்த ஒரு கத்தியை முதலில் சோதித்து வைத்துக்கொண்டால் இது நல்ல கருவி. அதைச் செய்யாமல் இதை வைத்து வாதிடுவது வீண்.

இனி பிசிறுக்கு வருவோம். இதைப் பேசாமல் மற்றவை விளங்கா. கல்லில் அளவுக்கு மீறித் தேய்த்தால் வாயின் நுனியில் எஃகு அறுபடாமல் மெல்லிய தகடாக நீண்டு ஒரு பக்கமாக மடங்கி நிற்கும். அந்தப் பிசிறு மிக மெல்லியது. கை முடியை அனாயாசமாக வழிக்கும், தொங்கும் முடியைப் பட்டென்று அறுக்கும், பெருவிரலையும் ஏமாற்றும். முகத்தில் முதல் சில இழுப்புகளில் அருமையாகவே இருக்கும். பிறகு அங்கங்கே உடைந்து, உடைந்த இடங்கள் தோலை உழுது, சவரம் முடிந்து முகம் கழுவும்போது எரிச்சல் காட்டும். எல்லாச் சோதனையிலும் தேறிய கத்தி முகத்தில் ஏன் தோற்றது என்ற புலம்பலுக்கு மிகப் பலவேளை விடை இதுவே. கடைசிக் கல்லில் அழுத்தத்தைக் குறைத்து, கத்தியின் எடையாலேயே தேய்த்து, பிசிறு எழாமல் பார்த்துக்கொள்வதே பரிகாரம். தோல்வார் பிசிறை எடுத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலானது. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழக உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவன் 2004இல் கத்தித் தீட்டல் பற்றி மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து எழுதிய ஆய்வு இந்த நம்பிக்கையைக் குறைக்கிறது. வெறும் தோல் வாயைப் பெரிதாக மாற்றவில்லை. குரோமியம் ஆக்சைடு பூசிய தோலே பிசிறைத் திறம்பட நீக்கியது. அவர் பெரும்பாலும் சோதித்தது சாதாரணக் கத்திகளை. சவரக்கத்தியின் மெல்லிய வாயில் வெறும் தோலின் பங்கு கூடுதலாக இருக்கலாம் என்று நாவிதர்கள் சொல்வதை நான் தள்ளமாட்டேன். ஆனால் கல்லில் வந்த பிழையைத் தோல் திருத்திவிடும் என்று நம்பி இருக்க முடியாது.

கருவிகள் இந்த வழக்கைத் தீர்க்குமா? ஷெஃபீல்டில் உள்ள கத்தித் தொழில் ஆய்வுச் சங்கமான கேட்ரா, வெட்டுக் கருவிகளைச் சோதிக்க வகுத்த முறை ஐஎஸ்ஓ 8442-5 என்ற உலகத் தரமாயிற்று. சிலிக்கா கலந்த அட்டைக்கட்டின் மேல் கத்தியை 50 நியூட்டன் எடையோடு முன்னும் பின்னும் ஓட்டி, ஒவ்வொரு ஓட்டத்திலும் எவ்வளவு ஆழம் அறுத்தது என்று அளப்பார்கள். சமையல் கத்திக்கு இது நல்ல அளவை. சவரக்கத்தியை இதில் வைத்தால் நசுங்கிப்போகும். இன்னொன்று பெஸ் என்ற அளவுகோல். ஒரு மெல்லிய செயற்கை இழையை இழுத்துக் கட்டி, அதை அறுக்க எத்தனை கிராம் விசை வேண்டும் என்று பார்ப்பது. புதிய இருபக்க பிளேடு ஏறத்தாழ 50 காட்டும். சமையலறைக் கத்திகள் சில நூறு காட்டும். எண் வருவதால் இரண்டு ஆட்கள் இரண்டு ஊர்களில் இருந்து ஒப்பிடலாம் என்பது பெரிய நன்மை. ஆனால் அது வாயின் ஒரு புள்ளியை மட்டுமே அளக்கிறது, பிசிறையும் கூர் என்றே எண்ணிவிடுகிறது. தோலின் இடத்தில் அங்கே யாரும் இல்லை.

கூர் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது இதோடு ஒட்டிய கேள்வி. எஃகைவிடப் பல மடங்கு மென்மையான முடி எப்படிக் கத்தியை மழுக்குகிறது? அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தைச் சேர்ந்த ஜான்லூக்கா ரொஷோலி, செம் தாசன் குழுவினர் 2020இல் சயின்ஸ் இதழில் இதற்கு விடை தந்தார்கள். பயன்படுத்தி எறியும் ரேசர்களால் ரொஷோலி தன் முகத்தையே சவரம் செய்து, ஒவ்வொரு முறையும் பிளேடை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார். வாய் தேய்ந்து உருண்டையாகும் என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அவர் கண்டதோ சின்னஞ்சிறு உடைசல்கள். முடி வளைந்து பக்கவாட்டில் வாயை அழுத்தும் இடத்தில், எஃகின் உள்ளமைப்பு ஒரே சீராக இல்லாத புள்ளியில், உடைசல் விழுகிறது. அவர்கள் பார்த்தது துருவேறா எஃகு பிளேடு. நம் கத்திகள் பெரும்பாலும் கரிம எஃகு. ஆனாலும் படிப்பினை இங்கும் செல்லும்: முடித்த அன்று எடுக்கும் ஒரு சோதனை அன்றைய நிலையை மட்டுமே சொல்கிறது. இரண்டாவது, மூன்றாவது சவரத்திலும் நிற்கும் வாயே நல்ல வாய்.

கடைசி நீதிமன்றம் முகம். இதை மறுப்பவர் இல்லை. ஆனால் முகமும் தவறு செய்யும். கோணத்தை அதிகமாக நிமிர்த்திப் பிடித்தாலும், தோலை இழுத்துப் பிடிக்காவிட்டாலும், நுரை காய்ந்தாலும், நல்ல கத்தியும் இழுக்கும். புதிதாகக் கற்பவர் கத்தியின் குறையையும் கையின் குறையையும் பிரித்தறிய மாட்டார். குறையைக் கத்தியின் மேல் போட்டு, முடித்த வாயைக் கல்லில் தேய்த்துக் கெடுப்பார். பழகியவருக்குச் சொல்லும் இடங்கள் தெரியும். கன்னம் எந்தக் கத்திக்கும் இளகும், அதை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. மோவாயும் மேலுதடும்தான் பரீட்சை. அங்கே இழுக்காமல் போய், எதிர்ச்சவரத்திலும் சலசலவென்ற சத்தத்தோடு நகர்ந்து, குளிர்ந்த நீரில் முகம் கழுவும்போது எரிச்சலும் இல்லையென்றால் இரண்டு வேலைகளையும் கத்தி செய்துவிட்டது.

நம் ஊரில் இந்த அறிவு வேகமாக மறைந்ததற்கு வெளிப்படையான காரணம் உண்டு. கிங் கேம்ப் ஜில்லெட் 1904இல் காப்புரிமை பெற்ற எறியும் பிளேடு முதலில் வீட்டுச் சவரத்தை மாற்றியது. சலூனில் மடக்குக் கத்தி வெகுகாலம் தாங்கியது. 1990களில் எய்ட்ஸ் பற்றிய அச்சமும் விழிப்பும் பரவிய பிறகு, ஆளுக்கொரு புது பிளேடு என்பது நடைமுறையாயிற்று. இருபக்க பிளேடை நடுவில் ஒடித்துப் பிடியில் செருகுகிறார் நாவிதர். கூர் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. சோதிக்க எதுவும் இல்லை. இழப்புதான், ஆனால் சுகாதாரத்தின் பெயரால் நேர்ந்த நியாயமான இழப்பு. சலூனில் பழைய கத்தி திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். தன் முகத்துக்குத் தானே தீட்டிக்கொள்பவருக்கு, புது பிளேடு செருகிய அதே சலூன் கத்தி வேறொரு வகையில் உதவும். அதில் நாலு நாள் சவரம் செய்தால் கூர் என்றால் முகத்தில் எப்படி இருக்கும் என்ற அளவு பிடிபடும். அந்த அளவு இல்லாமல் எந்தச் சோதனையும் அர்த்தமாகாது.

என் தீர்ப்பு இது. சோதனைகளைப் போட்டியாகப் பார்க்காமல் கட்டத்துக்கு ஒன்றாகப் பயன்படுத்துவதே நல்லது. முதல் கல்லில் விளக்கொளியும் மார்க்கர் மையும். அதைத் தாண்டும்போது கை முடி. கடைசிக் கல்லுக்குப் பின் உங்கள் வீட்டு முடியில் தொங்குமுடிச் சோதனை. தோல்வாருக்குப் பின் மோவாய். நகத்தைக் கடைசிக் கட்டத்தில் அண்டவிடாதீர்கள். கருவி வாங்கும் பணத்தில் நல்ல முடிப்புக்கல் ஒன்று வாங்கலாம்.

பாட்டனாரின் கத்தியைப் பெட்டியிலிருந்து எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மேற்சொன்ன எதையும் செய்வதற்கு முன் லென்ஸில் வாயைப் பாருங்கள். துரு வாயைத் தொட்டுக் குழி விழுந்திருந்தால், குழி மறையும்வரை கல்லில் வாயைப் பின்வாங்கச் செய்யாமல் எந்தத் தீட்டலும் நிற்காது. குழி அலகின் பாதிவரை போயிருந்தால் கத்தியைத் துடைத்து, எண்ணெய் தடவி, பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.